வுவுசெலா: ஒரே அச்சில் வார்த்த ஒற்றைச் சுரம்

2010 ஜூன் 11, வெள்ளிக்கிழமை. நம் நேரம் இரவு ஏழரை. ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி மைதானத்தில் தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும் மோதும் உலகக் கோப்பை முதல் ஆட்டத்துக்காக வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சேனலை மாற்றியதுமே ‘ங்ங்ங்’ என்று விடாத ஓர் இரைச்சல். அப்பா எழுந்து போய்ப் பின்பக்க ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். இரைச்சல் போகவில்லை. “கேபிள்காரருக்குப் போன் போடு” என்றார். போன் போடுவதற்குள் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் கன்னம் உப்ப நீளமான பிளாஸ்டிக் குழல் ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும், பின்வரிசை முழுவதும் அப்படியே. “ஓ, இவங்கதானா” என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

55-வது நிமிடத்தில் சிஃபிவே ஷபலாலா இடது காலால் அடித்த பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பையின் முதல் கோல். கூட்டத்தின் அலறல் அந்த இரைச்சலுக்கு மேலே எழும்பியது. சில நொடிகள்தான். பிறகு மறுபடியும் ‘ங்ங்ங்’.

அந்தப் பிளாஸ்டிக் குழல்தான் வுவுசெலா. அதன் பெயரைச் சொன்னாலே இன்றைக்கும் பலருக்கு நினைவுக்கு வருவது தலைவலிதான். அந்தத் தலைவலி உண்மையானது, அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதன் மூலகாரணத்தை அப்போது யாரும் சரியாகத் தேடவில்லை என்று நினைக்கிறேன். ஒரு தரப்பு “இது ஆப்பிரிக்கப் பாரம்பரியம், கைவைக்காதே” என்றது. இன்னொரு தரப்பு “இது வெறும் சத்தம், தடை செய்” என்றது. இரண்டுமே அந்தக் குழலைக் கையில் எடுத்துப் பார்க்காத பேச்சு.

என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. வேலை விஷயமாக அங்கே போய்வந்த நண்பர் கொடுத்தது. மஞ்சள் நிறம், சுமார் 65 சென்டிமீட்டர் நீளம், கையில் எடுத்தால் கனமே தெரியாது. இரண்டு பக்கமும் நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது, விரலால் தடவினால் நெருடும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. துளை எதுவும் கிடையாது, நாதஸ்வரத்தின் முனையில் செருகும் சீவாளி போன்றதும் கிடையாது. முதல்முறை ஊதுபவர்கள் பலூன் ஊதுவதுபோல் ஊதுவார்கள், வெறும் காற்றுதான் வரும். உதட்டை இறுக்கி, குழந்தைக்கு ‘புர்ர்ர்’ என்று விளையாட்டுக் காட்டுவோமே, அப்படி அதிரவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை தவறும். பிறகு திடீரென்று பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டதும், உதடு எவ்வளவு வேகமாக அதிர வேண்டும் என்பதைக் குழலே முடிவு செய்ய ஆரம்பித்துவிடும். பிடித்திருக்கும் உள்ளங்கை முழுக்க அந்த அதிர்வு ஏறும்.

நாதஸ்வரத்தில் அதிர்வது சீவாளி. கொம்பு, எக்காளம், சங்கு இவற்றில் அதிர்வது ஊதுபவரின் உதடு. வுவுசெலா இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நீளத்துக்கு உதடு வினாடிக்கு ஏறக்குறைய 233 தடவை திறந்து மூடுகிறது. மேற்கத்திய இசைக்காரர்கள் இதை நடு ‘சி’க்குக் கீழே இருக்கும் ‘பி ஃப்ளாட்’ என்பார்கள். நீளம் கூடினால் சுரம் இறங்கும், குறைந்தால் ஏறும். ஒரு குழலுக்கு ஒரு சுரம், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு சுரம் தனியாக வருவதில்லை. 233 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 233 அதிர்வு, அடிச்சுரமென்றால் அதன் இரண்டு மடங்கு 466, மூன்று மடங்கு 699, நான்கு மடங்கு 932 என்று மேல்சுரங்களும் கூடவே கிளம்புகின்றன. ஊதும் முனையிலிருந்து மறுமுனைவரை குழல் விரிந்துகொண்டே போவதால் இந்த மேல்சுரங்கள் பலமாக வெளியே வருகின்றன. மனிதக் காது கூர்மையாகக் கேட்பதும் அந்த உயர்ந்த பகுதியைத்தான். காதைக் குத்துவதுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

தனி ஒருவர் ஊதினால் அது ஒரு கொம்பு. 84,000-க்கும் மேல் ஆள் கொள்ளும் கிண்ணம் போன்ற மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊதும்போது அது தேனீக்கூட்டமாக மாறுகிறது. ஒவ்வொருவரின் உதடும் மூச்சும் கொஞ்சம் வேறு. ஒருவர் 231-இல் ஊதுவார், பக்கத்தில் இருப்பவர் 236-இல். இந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஒன்றோடொன்று உரசும்போது ஒலி ஏறி இறங்கி நடுங்குகிறது. ஒருவருக்கு மூச்சு முடியும் நேரத்தில் இன்னொருவர் தொடங்கிவிடுவதால் இடைவெளி என்பதே கிடையாது. டிவியில் நாம் கேட்டது அந்த நடுக்கத்தை.

காதுக்குக் கேடா என்றால், சந்தேகமே வேண்டாம், கேடுதான். குழலின் அகன்ற வாய்க்கு நேரே ஒரு மீட்டர் தூரத்தில் ஒலி 120 டெசிபெலைத் தொடுகிறது. பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகக் கோப்பைக்கு முன்பே உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றுக்குச் சிலரை அழைத்துப்போய், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய செவித்திறனை அளந்தார்கள். ஆட்டம் முழுவதும் அவர்கள் காதில் விழுந்த சத்தத்தின் சராசரி 100 டெசிபெலுக்கு மேல். ஆட்டம் முடிந்து சோதித்தபோது கேட்கும் திறன் குறைந்திருந்தது. தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம். கால்பந்து ஆட்டம் இடைவேளையையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்குகிறது. ஊதுபவர் தப்பித்துக்கொள்வார். மாட்டிக்கொள்வது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர், அவருடைய தலை சரியாகக் குழலின் வாய்க்கு நேரே இருக்கும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

2011-இல் லண்டன் ஆய்வாளர்கள் வேறொன்றைக் கணக்கிட்டார்கள். கத்தும்போது வாயிலிருந்து ஒரு லிட்டர் காற்றில் சில ஆயிரம் நுண்துளிகள் வெளியேறுகின்றன. வுவுசெலா ஊதும்போது அதே ஒரு லிட்டரில் ஆறு லட்சத்துக்கும் மேல். கொரோனாவைப் பார்த்துவிட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி இது யாருடையது என்ற வழக்குக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியான கைசர் சீஃப்ஸின் பிரபலமான ரசிகர் ஃப்ரெடி மாக்கே. ‘சதாம்’ என்பது அவருடைய பட்டப்பெயர். 1965-இல் ஒரு சைக்கிள் ஹாரனைக் கையில் எடுத்தேன், பின்னால் இருந்த கறுப்பு ரப்பர் பந்தைக் கழற்றிவிட்டு வாயால் ஊதினேன், அதுதான் தொடக்கம் என்றார். நீளம் போதவில்லை என்று குழாய் ஒன்றை ஒட்டி நீட்டினாராம். அலுமினியக் குழலோடு மைதானத்தில் நிற்கும் பழைய படங்கள் அவரிடம் இருந்தன. உலோகக் குழல் ஆயுதமாகிவிடலாம் என்று மைதானத்தில் தடுத்தபோதுதான் பிளாஸ்டிக்கில் செய்து தரச் சொல்லிப் போனதாகச் சொன்னார்.

இரண்டாவதாக உரிமை கேட்டது ஒரு திருச்சபை. 1910-இல் ஏசாயா ஷெம்பே தொடங்கிய நசரேத் பாப்திஸ்து திருச்சபை, ஜூலு மக்களிடையே பெரும் செல்வாக்கு உள்ளது. வெள்ளை அங்கி அணிந்து, ஆண்டுதோறும் ஜனவரியில் புனித மலைக்கு யாத்திரை போவார்கள். அவர்களுடைய வழிபாட்டு நடனத்தில் நீண்ட உலோகக் குழல்கள் ஒலிக்கும். எங்கள் வழிபாட்டுப் பொருளை எடுத்துப் போய்க் கேளிக்கைக்குப் பயன்படுத்திவிட்டார்கள் என்று வழக்குத் தொடுக்கப் போவதாக அவர்கள் எச்சரித்தார்கள். 2010-இல் உலகக் கோப்பைச் சமயத்தில் குழல் தயாரிப்பாளரோடு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது.

அந்தத் தயாரிப்பாளர்தான் மூன்றாமவர். கேப் டவுனைச் சேர்ந்த நீல் வான் ஸ்கால்க்விக், மாசின்செடானே ஸ்போர்ட் என்ற நிறுவனத்தின் பங்குதாரராக இருந்தவர். பிளாஸ்டிக் வார்ப்பில் அனுபவம் உள்ளவர். 2001 வாக்கில் மைதானத்து உலோகக் குழலைப் பிளாஸ்டிக்கில் பெருமளவில் வார்க்க ஆரம்பித்தார். விலை இறங்கியது, ஆளாளுக்கு ஒன்று வாங்கினார்கள். உலகக் கோப்பை நெருங்கியபோது சீனாவின் செஜியாங், குவாங்டாங் மாகாணத் தொழிற்சாலைகளும் இறங்கின. விற்பனையில் பெரும்பங்கு அங்கே போனது. ‘சதாம்’ மாக்கேவுக்கு அந்தப் பணத்தில் எதுவும் வந்து சேரவில்லை. இது எனக்கு இன்னும் மனதை உறுத்துகிற விஷயம்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் போனால் குடு என்ற பெரிய மானின் முறுக்குக் கொம்பு வருகிறது. ஊரைக் கூட்ட அதை ஊதினார்கள், அதுதான் வுவுசெலாவின் மூதாதை என்று உலகக் கோப்பைக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். கொம்பு ஊதி ஆள் கூட்டுவது ஆப்பிரிக்காவில் மட்டுமா இருந்தது? லத்தீன் அமெரிக்க மைதானங்களிலும் பிளாஸ்டிக் ஊதல் முன்பே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் வுவுசெலாவை ‘தொன்மையான மரபு’ என்பதை நான் ஏற்கமாட்டேன். நிறவெறிக் காலத்தில் ரக்பியும் கிரிக்கெட்டும் வெள்ளையர் விளையாட்டாக இருந்தன, கால்பந்து கறுப்பின மக்களின் விளையாட்டு. அவர்களுடைய நகர்ப்புறக் குடியிருப்புகளில், தேவாலயமும் மைதானமும் சைக்கிளும் கலந்த வாழ்க்கையில் பிறந்த பொருள் இது. ஐம்பது அறுபது வருஷ வரலாறு ஒன்றும் சிறியதல்ல. அதைப் பெருமையாகச் சொல்ல மான் கொம்பின் துணை தேவையில்லை.

உண்மையான மரபு வேறிடத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வடகோடியில் வாழும் வெண்டா மக்களின் தேசிய நடனம் ‘சிகோனா’. ஆண்கள் வட்டமாக நகர்ந்தபடி குழல் ஊதுவார்கள், பெண்கள் முழவு அடிப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு சுரம் தரும் குழல். ஒருவரிடம் ‘ச’ மட்டும் இருக்கிறது, அடுத்தவரிடம் ‘ரி’ மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் முறை வரும்போது தன் சுரத்தை ஊதிவிட்டு நிறுத்த வேண்டும். அடுத்தவர் அந்த இடைவெளியில் தன் சுரத்தை வைப்பார். இப்படிச் சங்கிலியாகக் கோத்துத்தான் மெட்டு வரும். தனியாக ஒருவரால் சிகோனாவை ஊதவே முடியாது. சுற்றியிருக்கும் மற்றச் சமூகங்களிலும் இதேபோன்ற குழல் கூட்டங்கள் உண்டு.

வுவுசெலாவுக்கு ஒரே சுரம் என்று உலகமே குறை சொன்னது. சிகோனாவைப் பார்த்தால் ஒரே சுரம் என்பது குறையே இல்லை என்று புரியும். அது ஒருவருடைய பங்கு. பெட்ரோ எஸ்பி-சாஞ்சிஸ் என்ற இசைக் கலைஞர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். கேப் டவுனில் வுவுசெலா வாத்தியக் குழு ஒன்றை அமைத்து, வெவ்வேறு சுரம் தரும் குழல்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, சிகோனா முறையில் மாறிமாறி ஊதக் கற்றுக்கொடுத்தார். அதே பிளாஸ்டிக்தான், கேட்டால் ஆட வைக்கும்.

மைதானத்தில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். ஒரே அச்சு, ஒரே நீளம், ஒரே சுரம். லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளிவிட்டார்கள். எல்லோர் கையிலும் ‘ச’ இருக்கும்போது மெட்டுக்கு வழியேது? தாளம் ஒன்றுதான் மிச்சம். உள்ளூர் லீக்கில் பழகியவர்கள் அந்தத் தாளத்தை வைத்தே விளையாடினார்கள். ஒரு பக்கம் இரண்டு தடவை ஊதினால் எதிர்ப்பக்கம் பதில் கொடுக்கும். ‘நிறையச் சத்தம் போட்டால்தான் பபூன் சாகும்’ என்று ஒரு பழமொழியைச் சொல்லி, எதிரணி தோற்கும் நிலையில் கடைசிக் கால் மணி நேரம் வேகமாக ஊதுவதும் உண்டு. உலகக் கோப்பைக்கு வந்தவர்களில் பலர் அன்று காலையில் குழல் வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள். நிறுத்துவதும் ஊதலின் பாதி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பந்து எங்கே இருக்கிறது, யார் அடித்தார்கள், எதையும் பார்க்காமல் 90 நிமிடமும் ஊதினார்கள்.

இதனால் முதலில் அடிபட்டது தென்னாப்பிரிக்காவின் சொந்தப் பாட்டுதான். ‘ஷோஷலோசா’ போன்ற கூட்டுப் பாடல்களைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் எடுத்துக்கொடுக்க, மைதானமே திருப்பிப் பாடும். அது குழல் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஐரோப்பியர்கள் மட்டும்தான் முகம் சுளித்தார்கள் என்பது பொய். தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ஜான் க்வெலானே வுவுசெலாவை நரகத்து வாத்தியம் என்றே எழுதினார், வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்து ஆட்டம் பார்ப்பதாகச் சொன்னார்.

வெளிநாட்டுப் புகார் 2009-லேயே தொடங்கிவிட்டது. ஒத்திகையாக நடந்த கான்ஃபெடரேஷன் கோப்பையின்போது ஸ்பெயின் வீரர் சாபி அலோன்சோ தடை கேட்டார். 2010-இல் மெஸ்ஸி, செவிடானவன் மாதிரி இருக்கிறது, மைதானத்தில் ஒருவருக்கொருவர் பேச முடியவில்லை என்றார். பிரான்ஸ் கேப்டன் எவ்ரா, காலை ஆறு மணிக்கே ஊத ஆரம்பித்துவிடுகிறார்கள், தூங்க முடியவில்லை என்றார். பிபிசிக்கு 500-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. போட்டி அமைப்புக் குழுவின் தலைமை நிர்வாகி டேனி ஜோர்டான், தேவைப்பட்டால் தடையைப் பரிசீலிப்போம் என்று வாய் திறந்தார். மறுநாளே ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர், ஆப்பிரிக்காவின் தாளம் வேறு, சத்தம் வேறு, சொந்த நாட்டு ரசிகர்களின் பழக்கத்தை நான் தடுக்க மாட்டேன் என்று முடித்துவிட்டார்.

ஒளிபரப்பாளர்கள் அடுத்த வழியைத் தேடினார்கள். 233, 466, 932 ஹெர்ட்ஸ் பகுதிகளை மட்டும் குறுகலாக வெட்டி எடுக்கும் வடிகட்டியைப் போட்டால் இரைச்சல் குறையும். வீட்டிலேயே கணினியில் இதைச் செய்துபார்த்தவர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால் மனிதக் குரலும் அதே பகுதிகளில்தான் இருக்கிறது. வெட்டிய இடத்தில் வர்ணனையாளரின் குரல் சுரைக்குடுக்கைக்குள் இருந்து பேசுவதுபோல் ஆனது. கூட்டத்தின் குரலும் கூடவே போனது.

தடைகள் வேகமாக வந்தன. விம்பிள்டன் டென்னிஸ் அந்த ஆண்டே மறுத்தது. செப்டம்பர் 1-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ தன் போட்டிகள் அனைத்திலும் தடை விதித்தது. நியூசிலாந்தில் நடந்த 2011 ரக்பி உலகக் கோப்பையும் அதே வழி. யூஇஎஃப்ஏ சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது: தென்னாப்பிரிக்காவில் அது அந்த மண்ணின் சுவை, ஐரோப்பாவில் ரசிகர்களின் பாட்டும் உணர்ச்சியும் அமுங்கிவிடும். ஐரோப்பிய மைதானங்களுக்கு அது நியாயமான முடிவு என்பேன். அதே நியாயம் ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பின மக்கள் குடியிருப்பான சோவேட்டோவின் பாட்டுக்கும் இருந்தது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அடுத்த கால்பந்து உலகக் கோப்பையை நடத்தவிருந்த பிரேசில், பிரச்சினையே வராத ஒரு வாத்தியத்தை முன்கூட்டியே உருவாக்கப் பார்த்தது. இசைக்கலைஞர் கார்லினோஸ் பிரவுன், கூடைக் கிலுகிலுப்பையான காஷிஷியை மாதிரியாக வைத்து ‘காஷிரோலா’ என்ற பிளாஸ்டிக் கிலுகிலுப்பையை வடிவமைத்தார். அரசின் ஆதரவும் கிடைத்தது. 2013 ஏப்ரலில் சால்வடார் நகரில் பாஹியா, விட்டோரியா அணிகள் மோதிய ஆட்டத்தில் ரசிகர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அணி தோற்ற கோபத்தில் நூற்றுக்கணக்கில் மைதானத்துக்குள் வீசி எறிந்தார்கள். அடுத்த மாதமே மைதானங்களில் அதற்கு இடமில்லை என்றாகிவிட்டது. அதை ஆட்டிப் பழகிய ஒரு தலைமுறை அதற்கு இருக்கவில்லை, மாக்கே போன்ற ஒரு ரசிகரும் இல்லை.

தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்கு இரண்டு வாரம் முன்னால் நடந்த ஓர் ஆட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2010 மே 29. தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அணிகள் ஆடிய சூப்பர் 14 ரக்பி போட்டியின் இறுதி ஆட்டம். பிரிட்டோரியாவின் புல்ஸ் அணி தன் சொந்த மைதானமான லாஃப்டஸை உலகக் கோப்பைக்காக ஃபிஃபாவிடம் விட்டுக்கொடுத்திருந்ததால், ஆட்டம் சோவேட்டோவின் ஆர்லாண்டோ மைதானத்துக்கு மாறியது. புல்ஸ் ரசிகர்களில் பெரும்பாலோர் ஆஃப்ரிகானர்கள், அதாவது நிறவெறி ஆட்சியை நடத்திய சமூகத்தினர். அவர்களில் பலர் அதற்கு முந்தைய வாரத்து அரையிறுதிக்குத்தான் வாழ்க்கையில் முதன்முறையாகச் சோவேட்டோவுக்குள் கால் வைத்தார்கள். இரண்டாம் முறை வரும்போது நீலச் சட்டையோடு, கையில் நீளமான பிளாஸ்டிக் குழலும் இருந்தது. தெருவோரக் கடைகளில் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து குடித்தார்கள், சாப்பிட்டார்கள். புல்ஸ் 25-17 என்று கேப் டவுனின் ஸ்டார்மர்ஸை வென்றது. ஆர்லாண்டோவில் அன்று இரவு ஒலித்ததும் அதே ஒற்றைச் சுரம்தான். சோவேட்டோக்காரர்களும் பிரிட்டோரியாக்காரர்களும் சேர்ந்து ஊதினார்கள்.